ஆமென் சொன்ன கையோடு ஒரு குத்து

போன வாரம் ஞானசிகாமணி உபதேசியாரை வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனிதருக்குக் கால் கடுத்திருக்கும். உள்ளே கூட்டி வருவோம், வாருங்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தால், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம். பாளையங்கோட்டையில் மிஷன் வளாகத்தை ஒட்டி, சபைக்குப் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியாரின் வீடு. மனைவி சாலோமி. ஒரே பிள்ளை அப்பாத்துரை. பள்ளிக்கூடத்தில் துரைமார் பொழுதுபோக்குக்காகச் சொல்லிக் கொடுத்த குத்துச்சண்டை, அந்தப் பிள்ளைக்குப் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்து வெள்ளிக் கிண்ணத்தை வாங்கினான். போன கிறிஸ்துமசுக்குச் சென்னைப்பட்டணம் போய், ஒரு பட்டாளத்துச் சிப்பாயைக் கயிற்றோடு சாய்த்து, கழுத்தில் பதக்கத்தோடு வந்து இறங்கினான்.

அதுவரை உபதேசியாருக்கும் உள்ளூரப் பெருமைதான். வெள்ளிக் கிண்ணத்தை மேசைமேல், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைப்பார். யாராவது கேட்டால், "அது கிடக்குது வே, பையன் கணக்கிலயும் கெட்டிக்காரன்" என்பார்.

வினை மேலப்பாளையம் காஜா முகைதீன் உருவில் வந்தது. கொழும்பு, ரங்கூன் என்று குத்துச்சண்டைக் கம்பெனி நடத்துகிற மனிதர் அவர். மைதானத்தில் கொட்டகை போட்டார். அப்பாத்துரையைப் பார்த்தார். "தம்பி, கிண்ணத்துக்குக் குத்துனது போதும், இனிச் சம்பளத்துக்குக் குத்து" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு செரிக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு மனிதனை மனிதன் அடிப்பதா என்று உபதேசியார் குதித்தார்.

கடைசியில் உபதேசியார் ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை கம்பெனியின் ஆள் ஒருவனோடு அப்பாத்துரை பரீட்சைக்கு நிற்க வேண்டும். கடைசி மணி வரை முதுகு மண்ணில் படாமல் நின்றால், கம்பெனியோடு போகலாம். முதுகு பட்டுவிட்டால், திங்கட்கிழமை ராதாபுரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்த வேலைக்கு உபதேசியார் முன்பே சொல்லி வைத்துவிட்டார். பிள்ளை எப்படியும் விழுந்துவிடுவான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலையில் சாலோமி உளுந்தங்களி கிண்டினாள். உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டு, பிள்ளையின் தட்டில் மலை மாதிரி குவித்தாள்.

உபதேசியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் வேலைக்குப் போறவனுக்கு இம்புட்டு உளுந்து எதுக்கு?"

"நின்னா இடுப்புக்குப் பெலம். விழுந்தா இடுப்புக்கு மெத்தை. ரெண்டுக்கும் ஆகும், நீங்க சாப்பிடுங்க."

"நீ எந்தப் பக்கம் பேசுத?"

"நான் களி பக்கம் பேசுதேன்."

அப்பாத்துரை சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். சிரித்தால் களி தொண்டையில் அடைக்கும்.

உபதேசியார் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "ஒண்ணு சொல்லிட்டேன். அந்தக் கொட்டகைப் பக்கம் நான் தலை வச்சும் படுக்க மாட்டேன். நம்ம சபைக்காரன் ஒருத்தனும் அங்கன போகக் கூடாதுன்னு போன ஞாயிற்றுக்கிழமைதான் பிரசங்கம் பண்ணியிருக்கேன். நீயும் போகப்படாது, சாலோமி."

"எனக்கென்ன அங்கன வேலை? சாயந்திரம் வடக்குத் தெருவுல ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பாக்கப் போகணும்."

"நல்லது. எனக்கும் ஒரு சீக்காளியைப் பாத்து ஜெபம் பண்ண வேண்டியிருக்கு."

புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இதைப் பேசி முடித்தார்கள்.

மத்தியானம் அப்பாத்துரை கொட்டகைக்குப் போனான். காஜா முகைதீன் அவன் கையில் உறையை மாட்டிக் காட்டினார். பள்ளிக்கூடத்து உறை தலையணை மாதிரி இருக்கும். இது மெலிசு. உள்ளே விரல் முட்டி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"சென்னைப்பட்டணத்துல நீ குத்துனதை நான் பாத்தேன் தம்பி. நல்ல குத்து. ஆனா ஒவ்வொரு குத்துக்கும் எதிராளிகிட்ட என்னமோ சொன்னியே, என்னது அது?"

அப்பாத்துரை கூச்சத்தோடு சொன்னான். "மன்னிக்கணும்னு சொன்னேன்."

காஜா முகைதீன் தாடியைத் தடவினார். "யா அல்லா. சனங்க வந்து உக்காருறது மன்னிப்பைப் பாக்கவா? இது துரைமார் விளையாட்டு இல்லை. மணி அடிச்சா குத்து. அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் குத்து. நடுவுல ஒண்ணும் கிடையாது. விளங்குதா?"

"விளங்குது, அண்ணாச்சி."

மூலையில் ஒரு மனிதர் சாக்கை விரித்து உட்கார்ந்து, கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வழுக்கை. கழுத்தில் ஜெபமாலை. தோள் மட்டும் மீன்பிடி வள்ளத்தின் முன்பக்கம் மாதிரி அகலம். புன்னக்காயல் சந்தியாகு பர்னாந்து. கப்பலில் வேலை பார்த்தபோது கப்பல்காரர்களோடு குத்திக் கற்றுக்கொண்டவர். இன்றைக்கு அப்பாத்துரைக்கு எதிராளி அவர்தான்.

"சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார்.

"ஆச்சு, அண்ணாச்சி. களி."

"நல்லது. நானும் கொஞ்சமாத்தான் குடிக்கேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு செம்பு கஞ்சி கேட்டு வாங்கினார்.

இந்த மனிதரையா குத்தப் போகிறோம் என்று அப்பாத்துரைக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்படி ஆகியிருக்கக் கூடாது. ஆனால் பிள்ளை வளர்ப்பு அப்படி.

சாயந்திரம் ஆயிற்று. சீக்காளியைப் பார்க்கப் புறப்பட்ட உபதேசியாரின் கால்கள் மைதானத்துப் பக்கம் திரும்பின. அவர் அதைத் தடுக்கத்தான் பார்த்தார். கால்கள் கேட்கவில்லை. வழியில் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அங்கவஸ்திரத்தைத் தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு முனையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கொட்டகைக்குள் நுழைந்து, இடம் கிடைக்காமல் கடைசியில் முன் வரிசையிலேயே போய் உட்கார வேண்டியதாயிற்று.

பக்கத்தில் இன்னொரு தலைப்பாகை. அதுவும் மூக்குவரை.

 பக்கத்துத் தலைப்பாகை தொண்டையைக் கனைத்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

அந்தக் குரலை உபதேசியாருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் காணிக்கைத் தட்டை நீட்டுகிற குரல். சபை மூப்பர் தேவசிகாமணி! உபதேசியார் தம் குரலைக் கட்டையாக்கிக்கொண்டார்.

"நமக்குச் சங்கரன்கோவில் பக்கம். மாட்டு யாவாரம். உமக்கு?"

"எனக்கும் மாட்டு யாவாரந்தான்."

"அப்படியா. மாடெல்லாம் எப்படிப் போகுது?"

"நாலு காலுல போகுது" என்றார் தேவசிகாமணி. அதற்குமேல் அவருக்கு மாட்டைப் பற்றித் தெரியாது.

உபதேசியார் மெதுவாகத் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மூக்குவரை இறங்கிய தலைப்பாகைகள். போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஊர் முழுக்க நன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

பெண்கள் உட்காரும் பக்கம் மூங்கில் தட்டி கட்டியிருந்தது. அதன் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தபடி, சாலோமி இருந்தாள்.

மணி அடித்தது.

முதல் சுற்றில் அப்பாத்துரை ஓடை மீன் மாதிரி வழுக்கினான். சந்தியாகு இடது கையை வீசும் இடத்தில் அவன் இல்லை. சந்தியாகுவின் விலாவில் ஒன்று வைத்தான். "மன்னிக்க..." என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். காஜா முகைதீன் மண் மேடை ஓரத்தில் நின்று, விழுங்கினது போதும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

இரண்டாம் சுற்றில் சந்தியாகுவுக்கு மூச்சு வாங்கியது. மத்தியானக் கஞ்சி இப்போது வேலையைக் காட்டியது. அப்பாத்துரை அவரைக் கயிற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினான். "விடாதலே!" "குத்து மக்கா!" என்று கொட்டகை எழுந்தது. உபதேசியார் கக்கத்தில் இருந்த கோட்டை ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை விழ வேண்டும் என்றுதான் அவர் வந்தது. அது இப்போது அவருக்கு ஞாபகம் இல்லை.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குள் ரோமன் சபைக் கோவிலில் சாயந்திர ஜெபத்துக்கு மணி அடித்தது.

சந்தியாகு நின்றார். ஓங்கிய கையை இறக்கினார். உறை மாட்டிய கையாலேயே நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டு, தலை குனிந்து, உதட்டை அசைக்கத் தொடங்கினார். கடலிலும் கரையிலும் இந்த மணிக்கு அவர் ஜெபிக்காமல் இருந்தது கிடையாது.

"அடிலே! இப்ப அடிலே!" என்று பின்வரிசை கத்தியது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, தெரியாது. அப்பாத்துரை உபதேசியார் வீட்டுப் பிள்ளை. ஒருவர் ஜெபிக்கும்போது கையைக் கட்டி, தலை குனிந்து, கண்ணை மூடி நிற்க வேண்டும். சந்தியாகு எந்தச் சபையாக இருந்தால் என்ன? அவனும் கையைக் கட்டினான். கண்ணை மூடினான்.

அதோடு நிற்கவில்லை. நிம்மதியாக மூச்சும் விட்டுக்கொண்டான். ஏனென்றால் அவன் அறிந்த ஜெபம் அப்பாவின் ஜெபம். உபதேசியார் ஜெபிக்கத் தொடங்கினால், முதலில் சக்கரவர்த்திக்காக. பிறகு கலெக்டர், தாசில்தார். பிறகு மிஷன் துரைமாருக்குத் தனித்தனியாக. பிறகு மழை. பிறகு சபையார், தெரு வாரியாக. பிறகு கப்பலில் போகிறவர்கள். கடைசியில் ஆடு மாடுகள். ஆடு மாடு வரும்வரை கண்ணைத் திறக்க அவசியமில்லை என்று தொட்டில் காலத்திலிருந்தே அவனுக்குப் பழக்கம். ஒரு சின்னத் தூக்கமே போட்டு எழலாம்.

சந்தியாகுவின் ஜெபம் பாடம் பண்ணின ஜெபம். அது சுருக்கம்.

உபதேசியாருக்குத்தான் முதலில் விளங்கியது. மூக்கை மறைத்த துணி கழுத்துக்கு இறங்க, ஞாயிற்றுக்கிழமை பாட்டெடுக்கும் அதே குரலில் எழுந்து நின்று கத்தினார்.

"ஏலே, கண்ணைத் தொறலே! அவிய ஜெபம் சின்னது!"

"ஆமென்" என்றார் சந்தியாகு. அதே கையோடு ஒரு குத்து விட்டார்.

அப்பாத்துரை மல்லாந்து விழுந்தான். அவன் மனதில் அப்போதுதான் கலெக்டர் வந்திருந்தார்.

கொட்டகை சிரித்த சிரிப்பில் கீற்று உதிர்ந்தது. "மாட்டு யாவாரி, உக்காரும் வே" என்று தேவசிகாமணி உபதேசியாரின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். தட்டிக்குப் பின்னால் சாலோமிக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. விழுந்தது பிள்ளை, கத்தியது புருஷன். எதை முதலில் பார்ப்பாள்?

அப்பாத்துரை எழுந்தான். சந்தியாகு குனிந்து அவன் காதில், "ஆமென் சொல்லியாச்சே தம்பி, பெறவு எதுக்கு நின்னே?" என்றார். உண்மையிலேயே வருத்தத்தோடு கேட்டார். மிச்சச் சுற்றை அவன் நின்றே முடித்தான், நன்றாகவே குத்தினான். என்ன செய்ய? முதுகில் மண் ஒட்டியிருந்தது.

விளக்கேற்றும் நேரம். மூன்று பேரும் மூன்று வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சாலோமி முந்திவந்து அடுப்பு முன் உட்கார்ந்து, நாள் முழுக்க அங்கேயே இருந்தவள் மாதிரி ஊதிக்கொண்டிருந்தாள். உபதேசியார் வேதப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். தலைகீழாக.

அப்பாத்துரை வீங்கிய உதட்டோடு வந்து நின்றான்.

"அப்பா, விழுந்துட்டேன். முதுகு பட்டுட்டு. திங்கட்கிழமை ராதாபுரம் போறேன்."

"சரி" என்றார் உபதேசியார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு.

சாலோமி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, பிள்ளையின் தாடையில் ஒத்தடம் கொடுத்தாள். "எப்படி எய்யா விழுந்தே?"

"அவரு குத்தினாரு. விழுந்தேன். அவரு நல்ல ஆளும்மா."

அவ்வளவுதான் சொன்னான். கண்ணை மூடியதைச் சொல்லவில்லை. சண்டைக்கு நடுவில் ஜெபத்துக்கு நின்றேன் என்று சாக்குச் சொல்ல அவனுக்கு மனமில்லை. இத்தனை நாள் அவன் ஆசைப்பட்ட கொழும்பும் ரங்கூனும் அந்த உப்புச் சூட்டில் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தன. 

உபதேசியார் இன்னொரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. பிறகு புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"அது ஒரு குத்தா? கண்ணை மூடிக்கிட்டு நிக்கவனைக் குத்துனா அது விழுந்த கணக்கில் சேருமா?"

 சாலோமி ஒத்தட முடிச்சைக் கீழே வைத்தாள்.

"யாரு கண்ணை மூடினா?"

"இவந்தான்."

"அவன் சொல்லலியே."

"ஊரெல்லாம் பேசுதாவ."

"ஊரு இன்னும் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்து சேரலியே. சீக்காளி சொன்னானோ?"

உபதேசியார் மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடைசியில் மகனைப் பார்த்தார்.

"போனேன், சாலோமி. தலைப்பா கட்டிக்கிட்டுப் போனேன். பொய் சொல்லி என்னத்துக்கு? பிள்ளை இன்னைக்கு நின்ன மாதிரி... நான் அவன் குத்தைப் பாத்ததே இல்லையே, ஏளா. கிண்ணத்தைத்தான் பாத்திருக்கேன்."

அப்பாத்துரை தலை நிமிர்ந்தான்.

"அப்பா, நீங்க சொன்ன சொல்லு சொல்லுதான். முதுகு பட்டுது."

"நான்தாம்லே சொன்னேன். சொன்னவன் கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன், அது சேராது."

இந்த வழக்கு எதுவரை போயிருக்குமோ, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காஜா முகைதீன். முகமெல்லாம் சிரிப்பு.

"உபதேசியாரே, இன்னைக்கு மாதிரி சனங்க சிரிச்சு நான் பாத்ததில்லை. தம்பியை இப்பவே எடுத்துக்கிடுதேன். வேலை ஒண்ணும் பெருசில்லை. தினமும் சாயந்திரம் மணி அடிக்கணும், சந்தியாகு ஜெபம் பண்ணணும், தம்பி கண்ணை மூடணும், அவன் குத்தணும், இவன் விழணும். கொழும்புல கொட்டகை பிச்சுக்கிடும்!"

அப்பாத்துரையின் முகம் போன போக்கைச் சாலோமி பார்த்தாள்.  ஆசைப்பட்ட சோறு இலையில் வந்து விழுந்திருக்கிறது. அதைத் தின்பதா வேண்டாமா என்று தின்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

அவன் எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, விழுறதுக்கு நான் வரல்ல. அதுக்கு ராதாபுரத்துல பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருப்பேன். நிக்கதுக்குன்னா சொல்லுங்க, வாறேன்."

காஜா முகைதீன் சிரிப்பை நிறுத்தினார். வழியில் போகிறவரைப் பார்ப்பதுபோல் இல்லாமல், முதல் தடவையாக அவனை நன்றாகப் பார்த்தார்.

"சந்தியாகுவும் இதைத்தான் சொன்னான். ஜெபத்தை வச்சுக் கூத்துக் கட்ட மாட்டேன்னுட்டான். அதுவும் போக, தம்பி மேல இனிக் கை ஓங்க மாட்டானாம். எதுக்கும் கேட்டுப் பாப்போம்னுதான் வந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "நிக்கதுக்குன்னா ஒரு இடம் இருக்கு. திங்கட்கிழமை தூத்துக்குடியில. துறைமுகத்துல ஒரு கப்பல் வந்து நிக்குது. அதுல ஒரு வெள்ளைக்காரன். சந்தியாகுவோட கடைவாய்ப் பல்லு ரெண்டும் அவன்கிட்டதான் இருக்கு."

"திங்கட்கிழமை ராதாபுரத்துல..." என்று அப்பாத்துரை அப்பாவைப் பார்த்தான்.

"ராதாபுரத்துக்கு நான் போய்ச் சொல்லிக்கிடுதேன்" என்றார் உபதேசியார். பிறகு வேகமாக, "இல்லை. ஆள் அனுப்பிக்கிடுவோம். நான் தூத்துக்குடிக்குல்லா வரணும்."

"தலைப்பா கட்டிக்கிட்டா?" என்றாள் சாலோமி.

"கட்டாம. நாளைக்குக் கோவில்ல நானே எழுந்து சொல்லிப்போடுதேன். மூப்பர் என்னத்தைக் கேப்பாரு, பாப்போம்."

சாலோமி காஜா முகைதீன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

"அண்ணாச்சி, அந்த வெள்ளைக்காரன் ஜெபம் பண்ணுத ஆளா?"

"அவன் வாயில ஜெபம் வந்து நான் கேட்டதில்லை, தாயி. அவன் குத்துனா எதிராளிதான் ஜெபம் பண்ணுவான்."

அப்பாத்துரை சிரித்தான். உதடு வலித்தது, வலியோடு சிரித்தான். சாலோமி சிரிக்கவில்லை. ஒத்தட முடிச்சை எடுத்து மறுபடி அவன் தாடையில் வைத்து, அழுத்திப் பிடித்தாள்.

"அப்போ நானும் வாறேன். இந்தத் தடவை தட்டிக்குப் பின்னால உக்கார மாட்டேன். அந்த ஓட்டையில பாதிதான் தெரியுது."

உபதேசியார் மெள்ளத் திரும்பினார்.

"இந்தத் தடவையா?"